ஏழு மணித் தகவல் வராத நாள்: வேங்கிக்காலிலிருந்து ஜவ்வாது மலைக்கு

என் பெரிய பேரன் முரளி பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். காலையில் ஆபீஸ் வண்டி வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவன் தங்கை சங்கீதா குரூப் ஃபோர் பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் செய்து, எங்கள் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸிலேயே வேலை வாங்கினாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு நடந்தே வருகிறாள். மகள் பிள்ளை பிரபு வாலிபாலில் மாவட்ட அளவில் கோப்பை வாங்கியவன். சங்கீதாவின் குழந்தைக்குப் பதினோரு மாதம். போன மாதம் கீழ்பென்னாத்தூரில் எங்கள் குலதெய்வக் கோயிலில் காது குத்தினோம். அழவே இல்லை, பத்தர் விரலைப் பிடித்துக் கடிக்கப் பார்த்தாள்.

சின்ன மகன் பெண் தேன்மொழியைக் கடைசியாகச் சொல்கிறேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ், முதல் வகுப்பு. வெள்ளம், மண்சரிவு என்று போன் எடுக்காமல் போய்விட்ட ஊர்களுக்கு நடந்து போகிற மருத்துவக் குழு ஒன்றில் வேலை. ஊசி போடுவது நர்ஸ் வேலை. அந்த நர்ஸ் கீழே இருக்கிறவர்களோடு பேச வழி செய்து கொடுப்பது தேனுவின் வேலை. வாக்கி டாக்கி, சாட்டிலைட் பெட்டி, அவற்றுக்குச் சார்ஜ் ஏற்றும் சோலார் தகடு எல்லாம் அவள் முதுகில்தான் போகும். இந்த வலைப்பூவை எனக்கு ஆரம்பித்துக் கொடுத்தவளும் அவள்தான். நான் எழுதிவிடுவேன், போட்டோ ஏற்றுவது மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, அதை அவள்தான் செய்வாள்.

பெருமைக்குத்தான் இத்தனையும் சொன்னேன், மறைக்கவில்லை. ஆனால் இந்தப் பயணம் அந்தப் பெருமையிலிருந்துதான் ஆரம்பித்தது. அதனால் சொல்லாமல் முடியாது.

ஐப்பசி மழையில் ஜவ்வாது மலையில் ரோடு அறுந்துபோய், சில குக்கிராமங்களுக்கு ஜீப்கூடப் போகவில்லை. தேனுவும் ஒரு நர்ஸம்மாவும் வழி தெரிந்த ஒருவரும் மேல்சுனையூர் என்கிற ஊருக்கு நடந்து போனார்கள். (ஊரின் உண்மைப் பெயரை மாற்றியிருக்கிறேன். அங்கே இருப்பவர்களைக் கேட்காமல் எழுதுவது முறையில்லை.) போகும்போதே நான் பிடித்துக்கொண்டேன். "தினமும் ராத்திரி ஏழு மணிக்கு நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்தை அனுப்பு. இல்லன்னா எனக்குச் சோறு எறங்காது." அவள் ஏதோ யோசித்தாள். "சரி ஆயா, எப்படியாவது அனுப்புறேன்" என்றாள். அந்த "எப்படியாவது" என்ன என்று அப்போது நான் கேட்கவில்லை.

ஆறு நாள் சரியாக வந்தது. ஏழு அல்லது ஏழு பத்துக்கு டிங் என்று சத்தம். "ஆயா, நல்லா இருக்கேன். சாப்ட்டேன். நீ சாப்ட்டியா?" அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டுத்தான் நான் தட்டில் கை வைப்பேன்.

புதன்கிழமை வரவில்லை.

எட்டு மணிக்கு நான் ஒன்று அனுப்பினேன். ஒரு டிக் மட்டும் விழுந்தது. வியாழன் காலை ஐந்தரைக்கு எழுந்து பார்த்தேன், அதே ஒரு டிக். தேனுவின் அப்பன், என் மகன், லாரியோடு ஹைதராபாத் பக்கம் இருந்தான். அவள் அம்மா செல்விக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மலைமேல் ஜமுனாமரத்தூரில் தேனுவின் குழு தங்கியிருந்த இடத்துக்குப் போன் போட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பொம்பளை சொல்லிக்கொண்டே இருந்தாள். ஊர் டவரே விழுந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

நானே போய்ப் பார்க்கிறேன் என்றதும் செல்வி படுக்கையிலிருந்தபடியே, "நீங்க போய் இன்னாத்த பண்ணப் போறீங்க அத்தே?" என்றாள்.

"இங்க குந்திகினு இன்னா பண்றேனோ, அதை அங்க போய்ப் பண்றேன்" என்றேன்.

ஏழே முக்காலுக்குக் கிளம்பினேன். ஒரு மாற்றுப் புடவை, தண்ணீர் பாட்டில், வீட்டு வேர்க்கடலையில் பிடித்த உருண்டை ஒரு டப்பா, எப்போதும் பயணக் கணக்கு எழுதுகிற நோட்டு. கையில் இரண்டாயிரம் ரூபாய், எல்லாம் நூறும் ஐம்பதுமாக.

அன்றைக்குப் பௌர்ணமி. எங்கள் திருவண்ணாமலையில் அது என்ன கூட்டம் என்று உங்களுக்குத் தெரியும். போளூர் பக்கத்துப் பஸ்களை ஊருக்குள் விடாமல் எங்கள் பக்கத்துத் தற்காலிக நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். வீட்டிலிருந்து நடந்து பத்து நிமிடம். ஜமுனாமரத்தூருக்கு நேர் பஸ்ஸும் உண்டு என்று அங்கே ஒருவர் சொன்னார். அதற்காக முக்கால் மணி நேரம் நின்றேன், வரவில்லை. எட்டு ஐம்பத்தைந்துக்குப் போளூர் பஸ் ஏறினேன். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். வருகிற பஸ்ஸெல்லாம் கூரை வரைக்கும் ஜனம். நான் ஏறிய பஸ்ஸில் ஏழு பேர்.

கண்டக்டர் சிரித்தார். "ஊரே மலையைச் சுத்த இங்க வருது. நீ இன்னாம்மா எதுத்தாப்புல போற?"

"நான் வேற மலைக்குப் போறேம்ப்பா" என்றேன். பல வருடமாக என் பௌர்ணமி நடை தவறியதில்லை. ஜன்னலில் திரும்பி மலையைப் பார்த்து, நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டேன்.

போளூர் முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், ஒன்பது ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே கழிப்பறைக்குப் போய்விடுவது நல்லது. மலை ஏறிய பிறகு வழியில் எதுவும் இல்லை. இரண்டு இட்லி வாங்கினேன், ஒன்றுதான் உள்ளே போனது. பத்து நாற்பதுக்கு ஜமுனாமரத்தூர் பஸ். டிக்கெட் நாற்பத்தைந்து. இடது பக்கம் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு அழகாகத் தெரியுமாம். நான் வலது பக்கம் உட்கார்ந்தேன். பாறையைப் பார்த்துக்கொண்டு போனால் போதும் என்று இருந்தது.

கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மண் சரிந்து கிடந்தது. ஒரு இடத்தில் பொக்லைன் நடுரோட்டில் நின்று கல் தள்ளிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து நிமிடம் நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் இறங்கிப் போட்டோ எடுத்தார்கள். நான் போனை எடுத்துப் பார்த்தேன். டவர் கோடு ஒன்றும் இல்லை. அவள் இருக்கிற இடத்திலும் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியதும் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு ஐம்பதுக்கு ஜமுனாமரத்தூர்.

அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கூரைமேல் ஒரு நீளக் கம்பி நிற்கிற வீடு என்று தேனு சொல்லியிருந்தாள். உள்ளே மேசையில் வயர்லெஸ் பெட்டி ஒன்று, பக்கத்தில் சாட்டிலைட் தகவல் வந்து விழும் டேப்லெட், சுவரில் பெரிய காகிதம். காகிதத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் காலை ஏழு, மதியம் ஒன்று, மாலை ஆறு என்று எழுதியிருந்தது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்லுவோமே, அதுமாதிரி. வந்த தகவலுக்கு டிக். "சுனை" என்று எழுதிய வரியில் புதன் மாலை ஆறு மணிக் கட்டம் காலி. வியாழன் காலை ஏழு மணிக் கட்டமும் காலி.

அங்கே பொறுப்பில் இருந்தவள் ஜெயந்தி. நாற்பது வயதிருக்கும், ஆரணிப் பக்கத்துப் பெண். நான் யார் என்று சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"குந்துங்கம்மா. ஒரு மணி ஆவப் போவுது. அதைப் பாத்துட்டுப் பேசலாம்."

"ரெண்டு வரலையே?"

"ரெண்டு வரலன்னா காத்திருக்கணும். மூணு வரலன்னா ஆள் போவணும். அதான் ரூல்."

ஒரு மணி அடித்தது. எடுத்தாலும் எடுக்கும் என்று ஜெயந்தி மைக்கைப் பிடித்து, "சுனை, சுனை, இது பேஸ்" என்றாள். இரைச்சல் மட்டும் வந்தது. மூன்று தடவை கூப்பிட்டாள். டேப்லெட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினாள், அதிலும் எதுவும் இல்லை. ஒன்று பத்துக்கு எழுந்து போய்ச் சுவர்க் காகிதத்தில் மூன்றாவது கட்டத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டாள். அந்தக் கோடு போட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

அதன்பிறகு அவள் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஜீப் டிரைவர் சின்னராசுவைக் கூப்பிட்டாள். கயிறு, டார்ச், முதலுதவிப் பை எல்லாம் ஏற்கெனவே ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருந்தது. நடக்கப் போவது என்ன என்று எனக்கு விளங்கும்படி சொன்னாள். மேல்சுனையூர் பள்ளத்தில் இருக்கிறது, அங்கிருந்து வாக்கி டாக்கி எடுக்காது. அதனால்தான் சாட்டிலைட் பெட்டி. பெட்டியும் பேசவில்லை என்றால், அவர்கள் ஊருக்கு மேலே இருக்கிற பாறைக்கு ஏறி வரவேண்டும். நம் ஜீப் எதிர்மலையில் ஒரு வளைவில் போய் நிற்க வேண்டும். அங்கிருந்து அந்தப் பாறை மறைப்பில்லாமல் தெரியும், பேசினால் கேட்கும். பேட்டரி மிச்சம் பிடிக்க, ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் பத்து நிமிடம் மட்டும் இரண்டு பக்கமும் திறந்து வைப்பார்கள். இது முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு.

"அவங்களால ஏற முடிஞ்சா ஏறுவாங்க" என்றாள்.

நானும் வருகிறேன் என்றேன். கூடாது என்றாள். நான் ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டேன். சின்னராசு கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "மேடம், எறக்கறதுக்கு ஒரு மணி நேரம் ஆவும். அதுக்குள்ள போய்ச் சேந்துரலாம்" என்றார்.

"வண்டிய விட்டு எறங்கக் கூடாது" என்று ஜெயந்தி என்னிடம் விரலை நீட்டினாள். தலையாட்டினேன்.

பதினெட்டுக் கிலோமீட்டர்தான். ஒன்றரைக்குக் கிளம்பி இரண்டே முக்காலுக்குப் போனோம். ரோடு என்று சொல்ல முடியாது, தண்ணீர் போன தடம். சின்னராசு இந்த மலைக்காரர். எந்தக் கல்லில் எந்தச் சக்கரம் ஏற வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வளைவில் நிறுத்தியதும் எதிரே பார்த்தேன். பள்ளத்துக்குள் பஞ்சு மாதிரி மேகம் கிடந்தது. அதற்கு மேலே கறுப்பாக ஒரு பாறை. அதில் ஆள் யாரும் இல்லை.

மூன்று மணி. ஜெயந்தி கூப்பிட்டாள். "சுனை, சுனை, இது வண்டி. கேக்குதா? ஓவர்." இரைச்சல். பிறகு மறுபடியும். நான் கடலை உருண்டை டப்பாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தேன். மூன்று பத்துக்கு அவள் பொத்தானைத் திருகி அணைத்தாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

"ஏம்மா அணைக்கற? இப்ப கூப்ட்டா?"

"கூப்ட மாட்டாங்கம்மா. மணிக்குத்தான் கூப்டுவாங்க. அவங்க கைல இருக்கற பேட்டரி நம்மளதை விடச் சின்னது."

"நாலு மணிக்கும் வரலன்னா?"

"நானும் இவரும் நடப்போம். எட்டு கிலோமீட்டர். நடுவுல ஓடை ஒண்ணு இருக்குது." சின்னராசு செருப்பைக் கழற்றிவிட்டு ஷூ மாட்ட ஆரம்பித்தார். ஆறு குழந்தை பெற்று நாலைக் காப்பாற்றியவள் நான். காத்திருப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் அந்த ஐம்பது நிமிடத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று இன்றைக்கும் தெரியவில்லை. தூறல் விழுந்தது. சின்னராசு ஒரு கடலை உருண்டை எடுத்துத் தின்றார். "கீழ்பென்னாத்தூர்க் கல்லையா?" என்று கடலையைப் பற்றிக் கேட்டார். ஆமாம் என்றேன்.

நாலு மணிக்குத் திறந்தாள். கூப்பிட்டாள். இல்லை. நாலு இரண்டு, இல்லை. நாலு நாலு. நாலு ஆறுக்கு இரைச்சலுக்கு நடுவே மூச்சு வாங்குகிற சத்தம் வந்தது.

"வண்டி, வண்டி... இது சுனை. கேக்குதா? ஓவர்."

தேனுவின் குரல். சளி பிடித்த குரல்.

ஜெயந்தி, "சுனை, கேக்குது. மூணு பேரும் நல்லா இருக்கீங்களா? ஓவர்" என்றாள்.

"மூணு பேரும் நல்லா இருக்கோம். ஊருக்கும் பாறைக்கும் நடுவுல ஓடைல தண்ணி ஜாஸ்தி, மதியம் வரைக்கும் தாண்ட முடியல. அதான் லேட்டு. ஓவர்."

ஜெயந்தி என்னைப் பார்த்தாள். வாக்கி டாக்கியை என் கையில் கொடுத்துப் பொத்தானைக் காட்டினாள். நான் அழுத்தினேன். "தேனு! கண்ணு! எங்கடீ போன? எனக்கு உசுரே போச்சுடீ. சாப்ட்டியா? காய்ச்சலா? கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்குது? ஏன் பேச மாட்டேங்கற? தேனு!"

பதிலே இல்லை. நான் மறுபடியும் பெயர் சொல்லிக் கத்தினேன்.

"விரல எடுங்கம்மா!" ஜெயந்தி என் கட்டைவிரலைப் பிடித்துத் தூக்கினாள். "நீங்க அழுத்திக்கினே இருந்தா அந்தப் பக்கம் பேச முடியாது. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும்."

விரலை எடுத்ததும் அந்தப் பக்கத்துக் குரல் பாதியிலிருந்து வந்தது. "...ஆயா? நீ அங்க இன்னா பண்ற? ஓவர்."

சின்னராசு திரும்பிச் சிரித்தார். "ஆயாவுக்குப் பெட்டியே வேணாம் மேடம். சும்மா கத்துனாலே மேல்சுனையூருக்குக் கேக்கும்." மூன்று மணியிலிருந்து எங்கள் மூவரில் யாரும் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் எல்லோரும் சிரித்தோம்.

பிறகு தேனு சொன்னாள். "மேடம், பெட்டி கெட்டுப் போகல. டேட்டா தீந்துருச்சு. தப்பு என்னுது. என் சொந்தப் போன பெட்டியோட சேத்துட்டேன். ராத்திரி வீட்டுக்கு ஒரு மெசேஜ் போடறதுக்கு. ஆயா, காது குத்துன போட்டோ எத்தினி அனுப்புன? ஓவர்."

இந்த இடத்தில் நிறுத்தி உங்களுக்கு விளக்கிவிடுகிறேன், எனக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது. சாட்டிலைட் பெட்டி நம் வீட்டு போன் மாதிரி இல்லை. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று கொஞ்சம் டேட்டா. எழுத்து மட்டும் அனுப்பினால் குழு முழுக்க மாதம் ஓட்டலாம். சொந்தப் போனை அதில் சேர்க்கவே கூடாது என்று ரூல். எனக்குச் சோறு இறங்க வேண்டும் என்பதற்காக அவள் சேர்த்திருக்கிறாள். அதுதான் அந்த "எப்படியாவது". செவ்வாய்க்கிழமை இரவு நான் வீட்டுக் குரூப்பில் கொள்ளுப்பேத்தியின் காது குத்தல் போட்டோ அறுபத்து மூன்றும் வீடியோ நாலும் போட்டேன். சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டாமா? அவள் போன் அத்தனையையும் தானாகவே இறக்கிக்கொண்டது. புதன் மதியத்துக்குள் மாதம் முழுதுக்குமான டேட்டா காலி. ஆறு மணி ஆஜர் போகவில்லை. அதைவிட முக்கியமாக, நர்ஸம்மா எழுதிக் கொடுத்த மருந்துப் பட்டியலும் போகவில்லை. அங்கே எட்டு மாதக் குழந்தை ஒன்றுக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு.

என் கொள்ளுப்பேத்தி பத்தர் விரலைக் கடிக்கப் பார்த்த வீடியோ, அந்தக் குழந்தையின் மருந்துக்கு முன்னால் வரிசையில் போய் நின்றிருக்கிறது. பொத்தானை விடாமல் என் விரல் செய்ததும் அதே வேலைதான்.

"மேடம், பேட்டரி ஒரு கோடுதான் இருக்குது. பட்டியல் சொல்லவா? ஆயாவும் பேசணும்னா... ஓவர்."

ஜெயந்தி என் முகத்தைப் பார்த்தாள். எனக்குக் கேட்க எவ்வளவோ இருந்தது. கால் எப்படி இருக்கிறது, அட்டை கடித்ததா, ராத்திரி எங்கே படுத்தாய், அந்தச் சளிக்கு என்ன சாப்பிட்டாய். நான் பொத்தானை அழுத்தி, "எனக்கு ஒண்ணும் வேணாம். நீ மருந்தச் சொல்லு" என்றேன். விரலை எடுத்தேன். பிறகு ஞாபகம் வந்து மறுபடி அழுத்தி, "ஓவர்" என்றேன்.

ஜெயந்தி கட்டைச் சுவரோரம் நின்று வாக்கி டாக்கியை உயரத் தூக்கிப் பிடித்தால்தான் சுத்தமாகக் கேட்டது. சின்னராசு அவள் தலைக்குமேல் குடை பிடித்தார். அப்படியானால் எழுத ஆள் வேண்டும். என் மடியில் நோட்டு இருந்தது. பஸ் டிக்கெட் கணக்கு எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். தேனு ஒவ்வொன்றாகச் சொல்ல, ஜெயந்தி திரும்பச் சொல்ல, நான் எழுதினேன். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாற்பது. குழந்தைக் காய்ச்சல் மருந்து ஆறு பாட்டில். தண்ணீரில் போடுகிற குளோரின் மாத்திரை இருநூறு. சர்க்கரை மாத்திரை, ஒரு அம்மாவுக்கு, பதினைந்து நாளைக்கு. கட்டுத் துணி. இங்கிலீஷ் பெயர் வந்த இடத்தில் எனக்குக் கேட்டபடி தமிழில் எழுதினேன். ஐந்தாவதில் எங்கள் டீச்சர் சொல்வதெழுதல் வைப்பார். ஒரு தப்புக்கு ஒரு அடி. அந்தப் பயத்தோடுதான் எழுதினேன். கடைசியில் ஜெயந்தி நோட்டை வாங்கி மேலிருந்து கீழே படித்துக் காட்டினாள். "சரி" என்றாள் தேனு.

"நாளைக்குக் காலைல ஒன்பதுக்கு ஓடைக்கு இந்தப் பக்கம் மருந்தும் வேற பெட்டியும் வந்துரும். ஓவர்" என்றாள் ஜெயந்தி.

"சரி மேடம். ஆயா, சாப்ட்டியா? ஓ..."

அதோடு இரைச்சல். அவள் பக்கத்துப் பேட்டரி தீர்ந்துவிட்டது.

ஐந்தே முக்காலுக்கு ஜமுனாமரத்தூர் திரும்பினோம். ஜெயந்தி சுவர்க் காகிதத்தில் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் "நாலு ஆறு, குரல்" என்று எழுதினாள். நான் அவளிடம் சொன்னேன். "தப்ப அவ மேல எழுதாத. அழுது வாங்குனது நான்."

"ரெண்டு பேர் மேலயும் எழுதித்தான் ஆவணும்மா. தேன்மொழி தானாவே ஒத்துக்கினாங்க, அதையும் எழுதறேன்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "நாங்களும் வீட்டுக்காரங்களுக்குத் தகவல் சொல்ல ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கணும். அது இல்லாததாலதான் அவங்க இப்படிப் பண்ணாங்க."

அன்றிரவு அங்கேயே ஒரு பாயில் படுத்தேன். சாமைச் சோறும் ரசமும் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. காலை ஆறரை பஸ்ஸில் கிளம்பி, பௌர்ணமிக் கூட்டம் வடிந்துகொண்டிருந்த ஊருக்குப் பத்தரைக்கு வந்தேன். போகவர மொத்தம் நூற்று அறுபது ரூபாய் பஸ்ஸுக்கு. செல்விக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. நான் சொல்லச் சொல்ல அவள் அழுதாள், அறுபத்து மூன்று என்றதும் சிரித்தாள். மருந்து சொன்னபடி ஒன்பதுக்கே ஓடையைத் தாண்டியது என்று, ஜமுனாமரத்தூர் டவர் சரியானதும், அன்று மாலை தகவல் வந்தது. அந்தக் குழந்தை தேறிக்கொண்டிருக்கிறது.

இந்த மலைக்குப் போக நினைப்பவர்களுக்கு: மழைக் காலத்தில் போகாதீர்கள், தை மாசியில் போங்கள். பௌர்ணமி அன்று திருவண்ணாமலையிலிருந்து கிளம்பினால் பஸ் எங்கே நிற்கிறது என்று முதல்நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். நேர் பஸ்ஸை நம்பாமல் போளூரில் மாறுங்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், டவர் இல்லையென்றால் போனில் காசு கொடுக்க முடியாது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

வீட்டுப் பிள்ளைகளை இந்த மாதிரி வேலைக்கு அனுப்பியிருப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அவர்கள் இருக்கிற குரூப்பில் படம் போடாதீர்கள். தானாக இறங்குகிறதை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், போனில் அதற்கு ஒரு இடம் இருக்கிறதாம். "தினமும் பேசு" என்று வாக்கு வாங்காதீர்கள். அவர்கள் ஆபீஸிலிருந்து யார் உங்களுக்குச் சொல்வார்கள் என்று கேட்டு, அந்த எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது எனக்கு ஜெயந்தி மாலை ஏழு மணிக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்புகிறாள்: "ஆஜர்." அதைப் பார்த்தும் பயம் முழுக்கப் போகவில்லை. ஆனால் சாப்பிட்டுவிடுகிறேன்.

தேனு, நீ கேட்டதற்குப் பதில் சொல்வதற்குள் உன் பேட்டரி போய்விட்டது. இங்கே சொல்கிறேன். சாப்பிட்டேன். இந்த வலைப்பூவின் உச்சியில் இன்னும் நீ பாலிடெக்னிக் சீருடையில் நிற்கிற பழைய போட்டோதான் இருக்கிறது. அந்தப் பாறைமேல், கையில் வாக்கி டாக்கியோடு, மழையில் நனைந்து நின்றவளை நான் பார்க்கவே இல்லை, குரலைத்தான் கேட்டேன். நர்ஸம்மாவிடம் சொல்லி ஒன்று எடுத்து வைத்துக்கொள். மேலே இருந்து அனுப்பாதே. வேலை முடிந்து, இறங்கி, வேங்கிக்கால் வந்து, குளித்து, என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, நம் வீட்டு டேட்டாவில் அந்தப் புதுப் போட்டோவைப் போடு.